புதன்கிழமை ஈரம்

என் பெரியப்பா பள்ளி ஆசிரியர். செய்யாறு பக்கம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்தார். ‘வாத்தியார் வேலையும் பார்த்தார், விவசாயமும் பார்த்தார்’ என்று அவரைப் பற்றி இன்றைக்கும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். நானே வேலையில் இருந்துகொண்டு நிலத்தில் கால் வைத்த பிறகுதான் அந்த வாக்கியத்தில் ஓர் ஆள் குறைவது தெரிந்தது.

பெரியப்பா காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாலை ஐந்தரைக்குத் திரும்புவார். கரண்ட் எப்போது வருகிறது என்று பார்த்து, அது நள்ளிரவானாலும், மோட்டார் போட்டு மடை திருப்பியது பெரியம்மா. ஆள் கூப்பிட்டது, வந்த ஆட்களுக்குக் கூழ் கரைத்தது, களையெடுப்பில் அவர்களோடு வரிசையில் குனிந்தது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது, விதை மல்லாட்டையை உரித்துச் சொத்தை பொறுக்கியது எல்லாம் பெரியம்மா. பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நடந்து பார்ப்பார். அறுப்பு முடிந்ததும் மூட்டைகளை ஏற்றிப்போய் விற்றுப் பணம் வாங்கி வருவார். பட்டா, சொசைட்டிக் கடன், பேங்க் புத்தகம் எல்லாம் அவர் பெயரில். பெரியம்மாவின் தொழிலை எழுதவேண்டிய படிவங்களில் எல்லாம் ‘வீட்டு வேலை’ என்றுதான் எழுதினார்கள்.

வேலையும் விவசாயமும் சேர்த்துப் பார்த்த ஆண்கள் நம் ஊர்களில் புதிதல்ல. ஆசிரியர், கணக்கர், தபால்காரர், பஸ் கண்டக்டர் என்று தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் பகுதிநேர விவசாயிகளாக இருக்க முடிந்தது, வீட்டில் முழுநேர விவசாயி ஒருத்தி இருந்ததால். திருக்குறளில் உழவு அதிகாரத்தில், நிலத்துக்கு உரியவன் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டால் நிலம் மனைவியைப் போல ஊடல் கொள்ளும் என்று வருகிறது. பள்ளியில் அதை ரசித்து மனப்பாடம் செய்தேன். இப்போது படித்தால் வேறு கேள்வி எழுகிறது. உரியவன் ஆண், நிலம் மனைவி. உரியவள் பெண்ணாக இருந்தால் நிலம் யார்? அவளும் போகாவிட்டால் போய்ப் பார்ப்பது யார்?

நான் வேலூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்பது கணக்கு. ஆற்காடு வழியாக பஸ்ஸில் ஊருக்கு இரண்டு மணி நேரம். அங்கே எனக்கு ஓர் ஏக்கர் இருபது சென்ட் இருக்கிறது. அதை நான் விலைக்கு வாங்கவில்லை, யாரும் மனமுவந்து தரவுமில்லை. கேட்டு வாங்கினேன்.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது ஆண்டு ஆனது. 1989 மார்ச் 25க்கு முன்பு மணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தியா முழுவதற்கும் அப்படியொரு திருத்தம் 2005இல்தான் வந்தது. எனக்குக் கல்யாணம் நடந்தது 2004இல். ஆக, சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் வாசல் திண்ணையில் இருந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணன் விடுதலைப் பத்திரம் தயார் செய்து வைத்துக்கொண்டு கையெழுத்துக்குக் கூப்பிட்டான். நான் யோசிக்க வேண்டும் என்றேன். ‘உனக்குத்தான் வேலை இருக்கே, நிலம் எதுக்கு?’ என்றான்.

அண்ணனுக்கும் வேலை இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். அவனை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆணுக்கு வேலை இருந்தால் அது நிலத்தோடு சேரும் கூடுதல் தகுதி. பெண்ணுக்கு வேலை இருந்தால் அது நிலத்தைப் பறிக்க ஒரு காரணம். வேலை இல்லாத பெண்ணிடம் ‘உனக்கு என்ன தெரியும், நீ எப்படிப் பயிர் வைப்பாய்?’ என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் முடிவு ஒரே பத்திரம்தான். கையெழுத்துப் போடாமல் ஒன்றரை வருடம் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு பாகப்பிரிவினை செய்துகொண்டோம்.

பீனா அகர்வால் 1994இல் எழுதிய ‘எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்ற நூலில், பெண்ணுக்கு நிலத்தின் மீது சட்டப்படி உரிமை இருப்பது வேறு, அந்த நிலம் அவள் கட்டுப்பாட்டில் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 விழுக்காடு. அந்த 14இலும் எத்தனை பேர் எந்தப் பயிர் வைப்பதென்று தாமே முடிவெடுக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. பட்டா வாங்கி பீரோவில் வைத்துவிட்டு அண்ணனிடமே நிலத்தைக் கொடுத்திருந்தால் நானும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக நின்றிருப்பேன். அப்படி ஆகக்கூடாது என்றுதான் பயிர் வைக்கத் தொடங்கினேன். என் உரிமையை நான் மெய்ப்பிக்க வேண்டும் என்ற வீம்பு அதில் இருந்தது. அந்த வீம்பு தவறென்று இப்போதும் நினைக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது நான் மட்டும்தானா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சனிக்கிழமை மதியம் அலுவலகம் விட்டதும் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவேன். கிளம்புமுன் இரண்டு நாளுக்கு மாவரைத்து, குழம்பு வைத்து, மகனின் சீருடையை மடித்து வைக்க வேண்டும். என் அலுவலகத்தில் ஒருவர் வாணியம்பாடி பக்கம் தோப்பு வைத்திருக்கிறார். அவரும் வாராவாரம் போகிறார். ‘சாருக்கு மண்ணு மேல என்னா ஆர்வம்’ என்பார்கள். என்னிடம், ‘ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருக்க மாட்டீங்களா மேடம், பையன் பாவம் இல்ல?’ என்பார்கள். நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வேலையை விட்டும், விடாமலும் நிலத்துக்குத் திரும்பிய பலரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தக் கதைகளில் பெரும்பாலும் முடிவெடுப்பவர் கணவர். மனைவி ‘உறுதுணையாக’ இருப்பார். உறுதுணை என்ற சொல்லுக்குள் என் பெரியம்மா மறுபடியும் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

எனக்கு மனைவி இல்லை. அதனால் வாரத்தில் ஐந்தரை நாள் என் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா காலத்திலிருந்தே எங்கள் நிலத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா இருக்கிறார். காலனியில் வீடு. அறுபதை நெருங்குகிறார். அப்பா அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டார். நான் அக்கா என்கிறேன், வாங்க போங்க என்கிறேன். அவர் என்னைப் பழையபடி ‘பாப்பா’ என்றுதான் அழைக்கிறார். அக்கா என்று கூப்பிடுவதில் நான் ஏதோ பெரிய தூரத்தைக் கடந்துவிட்டதாக ஆரம்பத்தில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

முதல் வருடம் ஆடியில் மானாவாரியாக மல்லாட்டை போடுவதென்று முடிவு. நிலத்தை உழுது வைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை இரவு நல்ல மழை. செவ்வாய் மதியம் அக்கா போன் செய்தார். ‘பாப்பா, நாளைக்கு விதைச்சிடலாம். ஈரம் பதமா இருக்குது. ஆளு சொல்லிடட்டா?’ எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் தணிக்கை. விடுப்புக் கேட்கவே முடியாது. விதை நேர்த்தி செய்வதற்கான மருந்தும் என்னிடம் வேலூரில் இருந்தது. முதல் விதைப்பு, நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ‘சனிக்கிழமை வந்துடறேன் அக்கா, அதுவரைக்கும் இருக்கட்டும்’ என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘உன் இஷ்டம்’ என்றார்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். சனிக்கிழமை தேடி விதை என்று யாரும் சொல்லவில்லை. வியாழனும் வெள்ளியும் ஆடிக்காற்று வீசு வீசென்று வீசியது. சனிக்கிழமை நான் போனபோது மேல்மண் வெளுத்திருந்தது. இருந்தாலும் விதைத்தோம். முளைப்பு சொட்டை சொட்டையாக வந்தது. பிறகு பெய்த மழையில் பாதி முளைத்துப் பயிர் ஏற்றத்தாழ்வாக நின்றது. நாற்பது நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். ஒரு செடி விழுது இறங்கி நிற்க, பக்கத்துச் செடி அப்போதுதான் பூத்தது. நூறு நாள் கழித்துப் பிடுங்கியபோது முன்னது முற்றியிருந்தது, பின்னது பிஞ்சு.

நஷ்டத்தை நான் தாங்கிக்கொண்டேன். மாதம் பிறந்ததும் சம்பளம் வந்தது. ‘பரவாயில்லை, கற்றுக்கொண்டேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. விதைக்கும் களைக்கும் அக்காவுக்கும் மற்ற பெண்களுக்கும் பேசிய கூலியைக் குறையாமல் கொடுத்துவிட்டேன். ஆகவே, என் தவறால் நஷ்டப்பட்டவள் நான் மட்டும்தான் என்று நம்பினேன்.

அறுப்பின்போதுதான் அது பொய்யென்று தெரிந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டை ஆய்வதற்கு நாள் கூலி இல்லை, அளவுக் கூலி. எவ்வளவு காய் ஆய்கிறார்களோ அதற்கேற்பப் பணமோ காயோ. காய் குறைந்தால் கூலி குறையும். ஒரே அளவுக்கு இரண்டு மடங்கு செடியைப் புரட்ட வேண்டியிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஆய வேண்டியதை இரண்டு நாளில் முடித்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ‘பக்கத்துக் கொல்லையில புதன்கிழமை போட்டான். அங்க நல்லா காச்சிருக்குது’ என்று ஒருவர் பொதுவாகச் சொன்னார். அக்கா எதுவும் சொல்லவில்லை.

முடிவெடுத்தவள் நான். அந்த முடிவு தவறு என்று அறிந்திருந்தவர் அக்கா. விளைவைத் தாங்கச் சம்பளம் இருந்தது எனக்கு, இல்லாதது அவருக்கு. அறிவு ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம், அடி மூன்றாவது பக்கம் விழுகிறது என்றால் அந்த ஏற்பாட்டை எப்படி நியாயம் என்பது? என் பெரியம்மாவின் விஷயத்திலும் இதுதானே நடந்தது என்று அன்றிரவு பஸ்ஸில் தோன்றியது. வரப்பில் நடந்து பார்க்கும் பெரியப்பாவின் இடத்தில் நான் இருந்தேன்.

இதற்குக் கூலியை உயர்த்திக் கொடுத்தால் போயிற்று என்று முதலில் நினைத்தேன். 1976இலேயே சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பெண்ணாள் கூலி இன்றுவரை ஆணாள் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். களையெடுப்பது பெண் வேலை, வரப்பு கழிப்பது ஆண் வேலை, ஆகவே ‘சம வேலை’ என்பதே இல்லை என்று அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அடுத்த வருடம் களைக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். மறுவாரம் பக்கத்துக் கொல்லைக்காரி என்னைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். எண்பது சென்டில் பயிர் வைத்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். ‘நீ சம்பளக்காரி, குடுப்ப. நட்டமானாலும் உனக்கு சோறு இருக்குது. நாளைக்கு எனக்கும் அதே கூலிதான் கேப்பாங்க. நான் எங்க போறது?’

அவருக்குச் சொல்ல என்னிடம் பதிலில்லை. நியாயமான கூலி கொடுக்க என்னால் முடிவது நான் நல்லவள் என்பதால் அல்ல. எனக்கு நிலத்தை நம்பி வயிறு இல்லை என்பதால். நிலத்தை நம்பி வாழும் இன்னொரு பெண் கொடுக்க முடியாத கூலியை நான் கொடுக்கும்போது, அவளைக் கெட்டவளாக்குகிறேன். கொடுக்காவிட்டால் குனிந்திருக்கும் பெண்களின் முதுகில் ஏறி நிற்கிறேன். விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத வரை இந்த முடிச்சை ஒரு தனியாளின் நல்ல மனது அவிழ்த்துவிடாது. கூட்டிய கூலியை நான் குறைக்கவில்லை. அது சரியான முடிவு என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை.

அரசாங்கத்தின் ஏடுகளில் எங்களில் யார் விவசாயி என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறார்கள். நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது. நான் வரி கட்டுகிறேன், ஆகவே நான் விவசாயி இல்லை. அக்காவுக்கு நிலமில்லை, ஆகவே அவரும் விவசாயி இல்லை. இந்தக் கணக்குப்படி என் ஓர் ஏக்கர் இருபது சென்டில் விவசாயியே இல்லாமல் மல்லாட்டை விளைகிறது. எனக்கு அந்தப் பணம் மறுக்கப்பட்டது சரிதான். அவருக்கு மறுக்கப்பட்டது எந்த நியாயத்தில் என்று புரியவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி 2007இல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கை, கூலித் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் சேர்த்தே விவசாயி என்று வரையறுத்தது. அது கொள்கையாக இருக்கிறது. பணம் பட்டாவைப் பார்த்துத்தான் போகிறது.

இரண்டாம் வருட அறுப்பு முடிந்து கணக்குப் பார்த்த அன்று அக்கா கேட்டார். ‘பாப்பா, நீ மாசத்துக்கு எட்டு நாளு வர. நான் தெனமும் வரேன். பாதியாவது எனக்குக் குத்தகைக்கு வுட்டுடேன். நீ சொல்ற பணத்தைக் குடுக்கறேன்.’

யோசிக்கவே இல்லை நான். ‘பார்க்கலாம் அக்கா’ என்றேன். அது இல்லை என்பதன் மரியாதையான வடிவம் என்று அவருக்கும் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். முதல் காரணம், பயம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகையை ஒழுங்காகச் செலுத்தி நிலத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால்தான் எங்கள் பக்கம் எல்லாமே வாய்ப்பேச்சுக் குத்தகை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். ஏழைக்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட சட்டம் என்று இதைப் பற்றி நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதே சட்டம் என் நிலத்தின் வரப்பில் வந்து நின்றதும் அண்ணனின் குரலில் யோசித்தேன்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கௌரவமானது போலத் தெரியும். ஒன்றரை வருடம் சண்டை போட்டு வாங்கிய நிலம். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நிலத்தை அவளே கைவிட்டால் அது அண்ணன்மார்களின் வாதத்துக்கு வலு சேர்க்காதா? ஆனால் இந்த வாதம் சுற்றிச் சுற்றி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். என் விடுதலை முழுதாக வேண்டுமென்றால் இன்னொரு பெண் கூலியாகவே இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதுவும் எந்தப் பெண்? சாதியால் அவளுடைய தாத்தன் பாட்டனுக்கே நிலம் மறுக்கப்பட்ட பெண். 1989 சட்டம் எனக்குப் பங்கு கொடுத்தது, பங்குபோட எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததால். அக்காவுக்கும் அதே சட்டம்தான். அவர் அப்பாவுக்குப் பிரித்துக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னணியில் இருந்தது கூலிப் போராட்டம். அந்தக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் போன கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கூலி கூடினால் மட்டும் போதாது, நிலம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக நிலங்களை நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெற்றுத் தந்தபோது பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து என் மனச்சாட்சியைச் சமாளிக்கப் பார்த்த எனக்கு அவர் செய்தது எப்போதும் உறுத்தலாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது ‘அக்கா’ என்ற சொல்தான். அண்ணன் எனக்கு எல்லாம் செய்தான், பங்கு கேட்கும்வரை. ‘என் தங்கச்சி’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன், பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டபோது எந்தச் சங்கடமும் படவில்லை. நான் அக்கா என்கிறேன், அவர் நிலம் கேட்டதும் ‘பார்க்கலாம்’ என்கிறேன். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதற்குச் செலவில்லை. உடன்பிறந்தவள் என்றால் பங்கு உண்டு என்பதுதானே நான் போராடி நிலைநாட்டிய விஷயம்?

மூன்றாம் வருடம் ஐம்பது சென்டை ஐந்து வருடக் குத்தகைக்கு, முத்திரைத்தாளில் எழுதி, அவர் பெயரில் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அடங்கலில் அந்த ஐம்பது சென்டுக்குச் சாகுபடியாளர் என்று அவர் பெயரைப் பதியச் சொன்னோம். பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அவரே போக அது வேண்டும். இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாவது முறை பதிவானது. ‘நிலம் போச்சு, அவ்வளவுதான்’ என்று அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போகலாம். ஐந்து வருடம் கழித்து அவர் விடமாட்டேன் என்றால், உழைப்பவரைப் பாதுகாக்கும் சட்டம் சரி என்று நான் இத்தனை நாள் சொன்னது உண்மையா என்று தெரிந்துவிடும். மீதி எழுபது சென்டை ஏன் நான் வைத்திருக்கிறேன் என்றும் கேட்கலாம். எனக்கும் அந்த மண்ணில் வேலை செய்யப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர இப்போதைக்குச் சொல்ல ஏதுமில்லை. அது போதுமான காரணமா என்று தெரியவில்லை. ஆண்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிலம் வைத்திருக்கவில்லை என்பதும் தெரியும். அவர்களைப் போல நானும் கேட்காமலே இருந்துவிட அது அனுமதி ஆகாது.

இந்த ஆடியிலும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மழை பெய்தது. புதன் மதியம் கூட்டம் முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தபோது அக்காவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தேன். பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் ஏர் ஓட்டுபவரின் குரலும் கேட்டன.

‘என் பக்கம் போட்டு முடிச்சிட்டேன் பாப்பா. ஆளு இருக்கறாங்க. உன் பக்கமும் போட்டுடட்டா, இல்ல சனிக்கிழமைதானா?’